பொது ஐபி முகவரி எதைக் காட்டும், எதைக் காட்டாது: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீடுகளுக்கு இணைய இணைப்பைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும், வேலை முடிந்து தேநீர் வரும் நேரத்தில், ஐபி முகவரியைப் பற்றி யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். பாதிப் பேருக்கு அது ஏதோ ஆபத்தான இரகசியம் என்ற அச்சம். மீதிப் பேருக்கு அதனால் ஒன்றுமே வராது என்ற நம்பிக்கை. இரண்டும் சரியல்ல என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐபி முகவரி என்றால் என்ன? அதில் 'பொது' என்று எதைச் சொல்கிறார்கள்?

நீங்கள் ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது, உங்கள் கருவி ஒன்றைக் கேட்கிறது. அந்தத் தளம் பதிலை அனுப்புகிறது. பதில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் எண்தான் ஐபி முகவரி. எண் இல்லாமல் பதில் வராது. ஆகவே, இணையத்தில் நீங்கள் தொடர்புகொள்ளும் ஒவ்வொரு தளத்துக்கும் ஏதாவது ஒரு ஐபி முகவரி தெரிந்தே ஆக வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் மோடம் ஓர் உள் எண்ணைக் கொடுக்கிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். சில வீடுகளில் 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலான எண்களிலோ தொடங்கும். இந்த எண்கள் உள் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை; உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள்தாம் இருக்கின்றன. அதனால் உங்கள் கைப்பேசியின் எண் 192.168.1.5 என்று யாருக்காவது தெரிந்துவிட்டால், அவரால் அதை வைத்து வெளியிலிருந்து உங்களைத் தேடி வர முடியாது.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீசுக்கே வந்து சேரும். எந்தக் கடிதம் எந்த லயத்துக்கு, எந்தக் கதவுக்கு என்று பிரித்துக் கொடுக்கும் வேலை உள்ளேயே நடக்கும். உங்கள் மோடம் செய்வது அந்த வேலைதான். வெளி உலகத்துக்குத் தெரிவது ஆபீசின் முகவரி ஒன்று மட்டுமே. அதுவே பொது ஐபி முகவரி.

என்னுடைய பொது ஐபி முகவரியை எங்கே பார்ப்பது?

கூகிளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் வரும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். எடுத்துக்காட்டு நூல்களுக்கென ஒதுக்கப்பட்ட 203.0.113.25 என்ற எண்ணை இந்தப் பக்கத்தில் மாதிரியாக வைத்துக்கொள்வோம். சிலருக்கு இரட்டைப் புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளும் கலந்த நீண்ட எண் வரும். அது புதிய வகை முகவரி. அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

பார்த்த பிறகு, கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, தொலைபேசி நிறுவனத்தின் இணையத்தில் அதே தேடலை மறுபடியும் செய்து பாருங்கள். எண் மாறியிருக்கும். கைப்பேசி அதேதான், கையில் வைத்திருப்பவரும் அதே ஆள்தான், ஆனால் எண் வேறு. இந்த முகவரி இணைப்புக்கு உரியதே தவிர, மனிதருக்கு உரியதன்று. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

அந்த எண்ணை வைத்து ஒரு வலைத்தளம் என்னைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்கிறது?

முதலாவது, உங்கள் இணையச் சேவை நிறுவனம் எது என்பது. ஐபி முகவரிகள் கண்டபடி சிதறிக் கிடப்பவை அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இயங்கும் ஏப்நிக் என்ற அமைப்புதான் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான எண் தொகுதிகளைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மலேசியாவும் அதில் அடக்கம். எந்தத் தொகுதி எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பது யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய வலையமைப்புக்கும் ஓர் அடையாள எண்ணும் உண்டு; டெலிகோம் மலேசியாவின் எண் 4788. ஆகவே 203.0.113.25 போன்ற ஓர் எண் கிடைத்ததும், அது எந்த நாட்டின் எந்த நிறுவனத்துக்குரியது என்பதை நொடியில் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது, இணைப்பின் வகை. வீட்டுக்கு வரும் இணைப்பா, கைப்பேசி இணைப்பா, அலுவலகமா, வாடகைக் கணினிகள் வரிசையாக நிற்கும் தரவு மையமா என்பதை அந்தத் தொகுதி பயன்படுத்தப்படும் விதத்தைக் கொண்டு பெரும்பாலும் ஊகித்துவிடுகிறார்கள். வங்கிகளும் படம் பார்க்கும் செயலிகளும் தரவு மையத்திலிருந்து வருபவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம். மூன்றாவது, ஏறக்குறைய எந்த ஊர்ப்பக்கம் என்பது. அது எவ்வளவு ஏறக்குறைய என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

தெரியாதவை எவை என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், கடவுச்சொல், கருவியில் இருக்கும் படங்கள், நீங்கள் இதற்கு முன் பார்த்த தளங்கள் ஆகிய எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை. உங்கள் உலாவி எது, கருவியின் மொழி எது, திரையின் அளவு என்ன என்பவற்றைத் தளங்கள் அறிந்துகொள்வது உண்மைதான். ஆனால் அவற்றைச் சொல்வது உலாவியே அன்றி ஐபி முகவரி அன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையற்ற அச்சம் வருகிறது.

எங்கள் வீடு எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருக்கிறது என்பது அதில் தெரியுமா?

தெரியாது. எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்ற விவரம் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது. வலைத்தளங்கள் காட்டும் ஊர்ப் பெயர், சில தனியார் நிறுவனங்கள் தொகுத்து விற்கும் பட்டியல்களிலிருந்து வருவது. அந்தப் பட்டியல் ஓர் ஊகம். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு தளம் ஈப்போ என்று காட்டும். இன்னொன்று கோலாலம்பூர் என்று காட்டும். அதே நிமிடத்தில், அதே எண்ணுக்கு. நாட்டின் பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊரின் பெயரை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இந்த ஊகத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கொடுமையான எடுத்துக்காட்டு உண்டு. இத்தகைய பட்டியலைத் தயாரிக்கும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், அமெரிக்காவில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி கன்சாஸ் மாநிலத்தில் போட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த ஒரே வீட்டைக் காட்டின. திருட்டு, மோசடி, காணாமற்போனவர்கள் என்று எதை விசாரிப்பதானாலும் அதிகாரிகளும் ஏமாற்றப்பட்டவர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். 2016இல் செய்தியாளர் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிய பிறகே, அந்த நிறுவனம் புள்ளியை ஆளில்லாத நீர்நிலைக்கு மாற்றியது. குடியிருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. வரைபடத்தில் விழும் புள்ளியைப் பார்த்துவிட்டு 'இந்த வீட்டுக்காரன்தான்' என்று சொல்பவர்களிடம் இந்தச் செய்தியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பிறகு எப்படி வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலி மட்டும் என் வீட்டு வாசலையே காட்டுகிறது?

அது ஐபி முகவரியைப் பார்த்துக் காட்டுவதில்லை. நீங்கள் செயலியை நிறுவும்போது இருப்பிடத்தைப் பார்க்க அனுமதி கொடுத்திருப்பீர்கள். செயற்கைக்கோள் சமிக்ஞை, சுற்றியுள்ள வைஃபை பெயர்கள், அலைக்கோபுரங்கள் ஆகியவற்றைக் கொண்டு கைப்பேசி தன் இடத்தைக் கணித்துச் செயலிக்குச் சொல்கிறது. கைப்பேசியின் அமைப்புகளில் அந்த அனுமதியை நிறுத்திவிட்டால், செயலிக்கு மிஞ்சுவது முந்தைய பதிலில் சொன்ன ஊகம் மட்டுமே. வீடு தெரிந்துவிடுமே என்று அஞ்சுபவர்கள் ஐபி முகவரியை மறைப்பதைவிட, எந்தெந்தச் செயலிக்கு இந்த அனுமதி இருக்கிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

போன வாரம் ஓர் எண், இன்று வேறு எண். யாராவது எங்கள் இணைப்புக்குள் புகுந்துவிட்டார்களா?

இல்லை. வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நிரந்தர எண் கிடையாது. மோடம் அணைந்து மறுபடியும் இணையும்போது, நிறுவனம் தன்னிடம் காலியாக இருக்கும் எண்ணைக் கொடுக்கிறது. இடி மின்னல் வந்தால் மோடத்தின் மின்கம்பியைப் பிடுங்கி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அது நல்ல வழக்கமும்கூட. மழை விட்டு மறுபடியும் செருகும்போது எண் மாறியிருக்கலாம். வெளியார் யாரேனும் வைஃபையில் இருக்கிறார்களா என்று அறிய வேண்டுமானால், மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள்.

வேறு வேறு கைப்பேசியில் பார்த்தும் என் எண்ணும் அக்காவின் எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றனவே, இது எப்படி?

நான்கு எண்கள் கொண்ட பழைய வகை முகவரி 1981இல் வரையறுக்கப்பட்டது. அதில் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி எண்கள்தாம் அமையும். உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டு முடிந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ஏப்நிக்கின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்து, அதன் பிறகு எண்கள் அளந்தே கொடுக்கப்படுகின்றன. வாடிக்கையாளர்களோ பெருகிக்கொண்டே போகிறார்கள். எனவே நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கின. கைப்பேசி இணைப்புகளில் இது மிகவும் சாதாரணம்; வீட்டு இணைப்புகளிலும் உண்டு.

முதல் பதிலில் சொன்ன பங்கீடு உங்கள் மோடத்தில் ஒரு முறையும், நிறுவனத்தின் கருவியில் இன்னொரு முறையும் நடக்கிறது. இந்த இரண்டாவது பங்கீட்டுக்கென 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் 2012இல் தனியே ஒதுக்கப்பட்டன.

இதனால் வரும் தொல்லைகளை நீங்கள் ஏற்கெனவே அனுபவித்திருப்பீர்கள். 'நான் இயந்திரம் அல்ல' என்று நிரூபிக்கச் சொல்லிப் படங்களைத் தேர்ந்தெடுக்க வைப்பது, ஒன்றும் செய்யாமலேயே ஒரு தளம் உங்களைத் தடுப்பது ஆகியவை, அதே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் முகம் தெரியாத வேறொருவர் செய்த வேலையால் வந்திருக்கலாம். இத்தகைய இணைப்பில் ஐபி எண் மட்டும் தெரிந்தால் ஒருவரைத் தனித்து அடையாளம் காண முடியாது. எந்த நேரம், எந்த வாயில் எண் என்ற விவரங்களும் சேர்ந்தால்தான், அதுவும் நிறுவனத்தால் மட்டுமே, இன்னார் இணைப்பு என்று சொல்ல முடியும். இங்கே வாயில் எண் என்பது ஒவ்வொரு தொடர்புக்கும் 65,535 வரை கொடுக்கப்படும் துணை எண்.

கடையில் சிசிடிவி போட்டிருக்கிறேன். கடைக்குள் இருந்தால் படம் தெரிகிறது, வீட்டுக்கு வந்தால் தெரியவில்லை. பொருத்தியவர் 'உங்கள் ஐபி சரியில்லை' என்கிறார். உண்மையா?

உண்மையாக இருக்கலாம். சோதித்துப் பார்ப்பது எளிது. கடையில் இருந்தபடியே மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'வேன்' (WAN) என்று குறிக்கப்பட்டிருக்கும் வெளிப்பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகிளில் தெரியும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், பொது எண் உங்கள் மோடத்திடமே இருக்கிறது. கோளாறு வேறு எங்கோ. மோடத்தில் 100.72 என்பதுபோல் ஓர் எண்ணும், கூகிளில் வேறு எண்ணும் இருந்தால், மேலே சொன்ன பகிர்வில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து வரும் தொடர்பு நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். உங்கள் மோடத்தில் எந்த வாயிலைத் திறந்து வைத்தாலும் பயனில்லை.

அப்படியானால், கேமரா நிறுவனத்தின் சொந்தச் செயலி வழியாகப் பார்ப்பதே எளிய வழி. அதில் கேமராதான் வெளியே சென்று தொடர்பை ஏற்படுத்துவதால், உங்கள் பொது எண் ஒரு பொருட்டன்று. அல்லது, தனிப் பொது எண் கிடைக்குமா, வணிகத் திட்டத்தில் நிரந்தர எண் உண்டா என்று சேவை நிறுவனத்தைக் கேட்கலாம்.

தனி எண் கிடைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொது எண்ணுள்ள ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் மோடங்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே, தளங்களின் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றிக் கொடுக்கும் டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு, டுவிட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் பல மணி நேரம் திறக்காமல் போயின. நீங்கள் கடையைப் பாதுகாக்க மாட்டிய கேமரா யாரோ ஒருவரின் ஆயுதமாகிவிடக் கூடாது. பொருத்துபவர் கடையை விட்டுப் போவதற்கு முன்னால், கடவுச்சொல்லை உங்கள் கண்ணெதிரே மாற்றச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் கம்பியே வரவில்லை, ஸ்டார்லிங்க் வாங்கியிருக்கிறோம். அதிலும் இப்படித்தானா?

ஆம். செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் மலேசியாவுக்கு 2023 ஜூலையில் வந்தது. அதன் வீட்டுத் திட்டத்திலும் பழைய வகை எண் பகிர்ந்தே கொடுக்கப்படுகிறது. காட்டப்படும் ஊர் உங்கள் ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கலாம், அது பழுதன்று.

உலாவியின் இன்காக்னிட்டோ முறையில் போனால் ஐபி முகவரி மறைந்துவிடும் என்று மகன் சொல்கிறானே?

மறையாது. அது உங்கள் கருவியில் பார்த்த பக்கங்களின் பட்டியலைச் சேமிக்காமல் விடுகிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத் தளத்துக்கும் சேவை நிறுவனத்துக்கும் உங்கள் எண் எப்போதும்போலவே தெரியும்.

விபிஎன் போட்டுக்கொண்டால் கவலையில்லையா?

விபிஎன் என்பது உங்கள் தொடர்பைப் பூட்டி, வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை. அதைப் போட்டால், தளத்துக்கு உங்கள் எண்ணுக்குப் பதிலாக விபிஎன் நிறுவனத்தின் எண் தெரியும். உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்கு, நீங்கள் விபிஎன் பயன்படுத்துகிறீர்கள் என்பது தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஆனால் அந்த அறிவு எங்கும் மறைந்துவிடவில்லை. சேவை நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்தின் கைக்கு மாறியிருக்கிறது. இலவசமாகக் கொடுப்பவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்று கேட்காமல் ஒன்றை நிறுவுவது எனக்கு உடன்பாடானதன்று.

விபிஎன் போட்டுக்கொண்டே முகநூலிலோ ஜிமெயிலிலோ உங்கள் பெயரில் நுழைந்தால், நீங்கள் யார் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வங்கிக் கணக்கைத் திறந்தால், வெளிநாட்டு எண்ணைக் கண்டு வங்கி கூடுதல் சரிபார்ப்புக் கேட்கலாம். பேருந்து நிலையத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் திறந்து கிடக்கும் வைஃபையைப் பயன்படுத்துவோருக்கு நம்பகமான விபிஎன் உதவும். வீட்டில் உட்கார்ந்து செய்தி படிப்பவருக்கு அது கட்டாயமில்லை.

எனக்கு நீண்ட எண் வருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் வேறு வேறாக இருக்கிறது. தனித்தனியாகக் கண்காணிக்கிறார்களா?

அது ஐபிவி6 என்ற புதிய வகை. எண்கள் தீர்ந்துபோகாத அளவுக்கு நீளமாக அமைக்கப்பட்டதால், பகிர வேண்டிய தேவை இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது எண் கிடைக்கிறது. அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துப் பாருங்கள். முன்பாதி உங்கள் வீட்டு இணைப்பைக் குறிக்கிறது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் அது ஒன்றாகவே இருக்கும். பின்பாதிதான் கருவிக்குக் கருவி மாறுகிறது.

தொடக்க காலத்தில் அந்தப் பின்பாதி, கருவியில் பதிந்துள்ள வன்பொருள் எண்ணிலிருந்தே உருவாக்கப்பட்டது. அதனால் ஒரு கருவி வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் பின்பாதியை வைத்து அதைத் தொடர முடிந்தது. இந்தக் குறையைக் களைய, தற்செயலாக உருவாகி அடிக்கடி மாறும் எண்களைப் பயன்படுத்தும் முறை வந்தது. இன்றைய கைப்பேசிகளும் கணினிகளும் பொதுவாக அதையே பின்பற்றுகின்றன. உங்கள் கவலைக்குரியது முன்பாதிதான். அது பழைய வகைப் பொது எண்ணைப் போலவே உங்கள் இணைப்பைக் காட்டுகிறது. சொல்லப்போனால், அக்கம்பக்கத்தாரோடு பகிரப்படாததால் இன்னும் துல்லியமாகவே காட்டுகிறது.

புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒருவரோடு பேசினால் அவருக்கு என் ஐபி முகவரி தெரியுமா?

இருவர் பேசும் அழைப்பில், ஒலி தடையின்றிச் செல்வதற்காக இரண்டு கருவிகளும் நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். அப்போது தொழில்நுட்பம் அறிந்த எதிராளியால் உங்கள் எண்ணைப் பார்க்க முடியும். குழு அழைப்புகள் புலனத்தின் கணினி வழியாகவே போவதால் அங்கே இந்தப் பேச்சு இல்லை. 2023 நவம்பரில் இதற்கென்று ஒரு தெரிவு அறிமுகமானது: அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, மேம்பட்டவை என்பதன் கீழ், அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் தெரிவை இயக்குங்கள். பேச்சின் தரம் சற்றுக் குறையலாம். அறிமுகம் இல்லாதவர்களிடம் பேச நேரும் பெண்களும் பிள்ளைகளும் இதைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

'உங்கள் ஐபி முகவரி பணமோசடியில் சிக்கியிருக்கிறது' என்று போலீஸ் பேசுவதுபோல் ஒருவர் அழைத்தார். அம்மா பயந்துவிட்டார். என்ன செய்வது?

அழைப்பைத் துண்டியுங்கள். ஓர் அதிகாரி உண்மையிலேயே உங்கள் இணைப்பைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால், பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார். கடவுச்சொல் கேட்க மாட்டார். செயலி எதையும் நிறுவச் சொல்ல மாட்டார். அழைத்தவர் உங்கள் ஐபி எண்ணைச் சரியாகவே படித்துக் காட்டினாலும் அது எந்தச் சான்றும் ஆகாது. நீங்கள் ஓர் இணைப்பைத் தொட்டிருந்தாலே அந்த எண் அவர்களுக்குக் கிடைத்துவிடும். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை மூன்றாம் கேள்வியின் பதிலில் பாருங்கள்.

பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வயதானவர்களை 'ஏன் பேசினாய்' என்று கடிந்துகொள்ளாதீர்கள். அந்த அச்சத்திலேயே அடுத்த முறை நம்மிடம் சொல்லாமல் மறைப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வைஃபை கடவுச்சொல் கொடுத்திருக்கிறேன். அவன் ஏதாவது எழுதினால் எனக்குச் சிக்கல் வருமா?

வரலாம். இந்தத் தொகுப்பிலேயே நான் மிகவும் கவலைப்படும் கேள்வி இதுதான். ஒரு தளத்தில் தவறான பதிவு வந்தால், அது எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்ற குறிப்பு அந்தத் தளத்திடம் இருக்கும். சட்டப்படி விசாரிப்பவர்கள் அதைக் கொண்டு சேவை நிறுவனத்தைக் கேட்பார்கள். நிறுவனம் தன் பதிவேட்டைப் பார்த்து, அந்த நேரத்தில் அந்த எண் இன்னாரின் இணைப்பிடம் இருந்தது என்று சொல்லும். பையன் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. இருப்பது உங்கள் பெயர்.

முகவரி இணைப்புக்குரியது, மனிதருக்குரியதன்று என்று முன்பு சொன்னேன். ஆனால் மலேசியச் சட்டம் இந்த இடைவெளியை ஓர் ஊகத்தால் நிரப்புகிறது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2012 ஜூலை 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு பதிவு எந்த இணைப்பிலிருந்து வெளிவந்ததோ, அந்த இணைப்பின் சந்தாதாரராகப் பதிவுபெற்றவரே அதை வெளியிட்டவர் என்று, வேறாக நிரூபிக்கப்படும் வரை, அது ஊகிக்கிறது. நான் எழுதவில்லை என்று காட்டும் சுமை உங்கள் தோளில் விழுகிறது. அந்தச் சுமையை இறக்கி வைக்க வழி உண்டு. ஆனால் வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டியவர் நீங்கள்தான்.

விருந்தினர் வைஃபை என்று தனிப் பெயரில் கொடுத்தால் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது உங்கள் சொந்தக் கருவிகளை விருந்தினரிடமிருந்து பிரித்து வைக்கும். அந்த வகையில் நல்லது. ஆனால் வெளியே போகும்போது இரண்டும் ஒரே பொது முகவரியில்தான் போகின்றன. கோயில் மண்டபத்திலும் கடையிலும் எல்லாருக்கும் வைஃபை திறந்து விடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு உதவுவது பெரிய காரியம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. யாருக்குக் கொடுத்தோம் என்று குறித்து வையுங்கள். பள்ளித் தவணை முடியும்போது கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்தப் பையனின் பெற்றோரிடமும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் இணைப்பில் நடக்காத ஒன்றை நடந்தது என்று சொன்னால் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் நேரத்தை. வெளிநாட்டுத் தளங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் குறித்து வைக்கின்றன. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் கூடுதல். அங்கே மாலை 5 மணி என்று குறிக்கப்பட்ட பதிவு, இங்கே மறுநாள் அதிகாலை 1 மணிக்கு நடந்தது. எண் மாறிக்கொண்டே இருக்கும் இணைப்பில், 8 மணி நேரம் தவறினால் ஆளே மாறிவிடும். அடுத்து, பகிரப்படும் எண் என்றால் வாயில் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். இவற்றை வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுங்கள். நீங்களே போய் யாரிடமும் வாதாட வேண்டாம்.

அப்பா காலமாகி ஆண்டுகள் ஆகிவிட்டன, இணைப்பு இன்னும் அவர் பெயரில் ஓடுகிறது. பில் கட்டினால் போதாதா?

போதாது. நம் ஊரில் இத்தகைய வீடுகள் நிறைய உண்டு. அண்ணன் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டார், இணைப்பு அவர் பெயரில். பழைய வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது, இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். மேலே சொன்ன 114ஏ பிரிவு பதிவேட்டில் இருக்கும் பெயரையே பார்ப்பதால், இங்கே அந்த இணைப்பைப் பயன்படுத்துபவர் எழுதும் ஒவ்வொன்றுக்கும் முதலில் விளக்கம் கேட்கப்படுவது சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனிடமாக இருக்கும். இறந்தவர் பெயரில் ஓடும் இணைப்பில் ஒரு பிரச்சினை வந்தால், அப்போது யார் பயன்படுத்தினார் என்பதை வீட்டில் உள்ளவர்கள்தாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, கடைசி பில் ஆகியவற்றோடு சேவை நிறுவனத்தின் கிளைக்குச் சென்று பெயர் மாற்றம் கேளுங்கள். மாற்ற முடியாது என்றால், பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாக விண்ணப்பியுங்கள். எந்தத் தேதியில் மூடப்பட்டது என்பதை எழுத்தில் வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய மோடத்தை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், பின்புறம் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு 10 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து, அதில் சேமித்திருக்கும் கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.